அரசுத் தரப்பில் முப்பது வருடம்: டெல்டா கோர்ட்டுகளில் ஒரு பி.பி.க்குத் தெரிந்திருக்க வேண்டியது

கேள்வி இதுதான். கும்பகோணத்தில் ஒரு சீனியரிடம் மூன்று வருடமாக ஜூனியராக இருக்கும் இளம் வழக்கறிஞருக்கு கிரிமினல் பக்கம், அதிலும் அரசுத் தரப்பில் நிற்க ஆசை. அந்த வேலைக்கு எப்படிப் போவது, அதில் பழுத்தவர்களுக்கு நமக்குத் தெரியாத என்ன தெரிந்திருக்கிறது, வழக்குகள் எங்கே, ஏன் உடைகின்றன என்று கேட்கிறார்.

வெளியில் இருப்பவர்கள் பி.பி. (பப்ளிக் பிராசிக்யூட்டர், அதாவது அரசுத் தரப்பு வழக்கறிஞர்) என்றால் நல்ல பேச்சாளர் என்று நினைக்கிறார்கள். பேச்சு கடைசி நாள் வேலை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் தன் வழக்கைத் தானே கட்டுவதில்லை. புகாரை ஸ்டேஷனில் ஒருவர் எழுதுகிறார், மகஜரை (சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருளையும் பதியும் ஆவணம்) இன்னொருவர் போடுகிறார், பிரேதப் பரிசோதனையை டாக்டர் செய்கிறார். அந்தக் கட்டு மொத்தமாக இவர் மேஜைக்கு வரும்போது சம்பவம் நடந்து ஒரு வருடமாவது ஆகியிருக்கும். அந்தக் கட்டில் எந்த முடிச்சு அவிழும் என்பதை விசாரணை தொடங்கும் முன்பே கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

உள்ளே போக இரண்டு வாசல் இருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் நிற்பவர் ஏ.பி.பி., அதாவது அரசு உதவி வழக்கு நடத்துநர். இது நிரந்தர அரசு வேலை. டி.என்.பி.எஸ்.சி. மூலம் நிலை இரண்டில் எடுக்கிறார்கள். சட்டப் பட்டம் வேண்டும், கிரிமினல் கோர்ட்டுகளில் ஐந்து வருடத்துக்குக் குறையாத நடைமுறைப் பயிற்சி வேண்டும். முதனிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. நிலை ஒன்று, பிறகு குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் மேற்பதவிகள் என்று ஏறலாம். கொலை போன்ற பெரிய வழக்குகள் நடக்கும் செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கும் பி.பி.யும் கூடுதல் பி.பி.யும் வேறு வழி. ஏழு வருடம் வழக்கறிஞராக இருந்தவர்களிலிருந்து கலெக்டர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து ஒரு பட்டியல் தயாரிப்பார். அதிலிருந்து அரசு நியமிக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 24-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 18. ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு என்று போடும் ஸ்பெஷல் பி.பி.க்குப் பத்து வருட அனுபவம் வேண்டும்.

இரண்டில் எது நல்லது என்றால், ஏ.பி.பி. வழியைத்தான் சொல்வேன். செஷன்ஸ் பி.பி. பதவி ஆட்சி மாறும்போது கூடவே மாறுகிற பதவி. கட்டை எடுத்து, சாட்சியைப் பழக்கி, பாதி விசாரணையில் இருக்கும்போது ஆள் மாறினால் அந்த வழக்கு அடிபடும். ஏ.பி.பி.யாக இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கான ஏழு வருட வழக்கறிஞர் அனுபவமாக அரசு வழக்கு நடத்துநராக இருந்த காலமும் எண்ணப்படும் என்று 2013-ல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் கதவும் மூடுவதில்லை.

முதல் ஐந்தாறு வருடம் மாஜிஸ்திரேட் கோர்ட். பாபநாசமோ, நன்னிலமோ, திருத்துறைப்பூண்டியோ, எங்கே போட்டாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: வரப்புத் தகராறில் அடிதடி, காரைக்காலிலிருந்து கடத்தி வந்த மது பாட்டில், மோட்டார் விபத்து, திருட்டு, ஆற்று மணல். சின்ன வழக்கு என்று நினைத்து இங்கே அசட்டையாக இருந்தவர்கள் செஷன்ஸில் தடுமாறுவதைப் பார்க்கலாம். மணல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கனிமச் சட்டத்தின் 21-வது பிரிவில் மட்டும் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டு வந்தால், 22-வது பிரிவு குறுக்கே நிற்கும். அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் கோர்ட் அந்தக் குற்றத்தை எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் அரசு மணலை அள்ளியது திருட்டும்கூட. அதற்கு அந்தத் தடை இல்லை என்பது 2014-ல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். குற்றப்பத்திரிகை கோப்பில் ஏறும் அன்றே இதைப் பார்த்து, திருட்டுப் பிரிவு இருக்கிறதா, அலுவலரின் புகார் தனியாக வந்ததா என்று கேட்கிற ஏ.பி.பி.யால் அந்த வழக்கு பிழைக்கும். இரண்டு வருடம் கழித்து வாதத்தின்போது பார்ப்பவருக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

இங்கே இன்னொரு தொந்தரவும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்), குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் புதிய மூன்று சட்டங்கள் வந்துவிட்டன. அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி. பிரிவுதான். அன்றைக்கே நிலுவையில் இருந்த விசாரணைக்கு நடைமுறையும் பழையதுதான். ஆகவே இன்னும் பல வருடத்துக்கு கொலைக்கு 302-ம் 103-ம், கொலை முயற்சிக்கு 307-ம் 109-ம், போலீஸ் சாட்சியை விசாரிப்பதற்கு 161-ம் 180-ம் என்று பழையது, புதியது இரண்டும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டின் முதல் பக்கத்திலும் சம்பவத் தேதியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

இனி கட்டு படிப்பது. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஒரு மாதிரி வழக்கு வைத்துக்கொள்வோம். சம்பா காலம், இரவு எட்டரை மணி, வாய்க்கால் மதகு பக்கத்தில் வெட்டு. மடை திறந்த தகராறு முன்பகை. காயம்பட்டவர் அரசு மருத்துவமனையில் இறந்துபோகிறார். ஏழு பேர் மேல் வழக்கு. இளம் வழக்கறிஞர்கள் இந்தக் கட்டைக் குற்றப்பத்திரிகையிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். அது தவறு. குற்றப்பத்திரிகை என்பது விசாரணை அதிகாரி கடைசியில் சொன்ன கதை. அதை முதலில் படித்தால், மற்ற தாள்களையும் அந்தக் கதைக்குள்ளேயே பொருத்திப் படிப்பீர்கள், ஓட்டை கண்ணில் படாது. போலீஸ் கை படாத தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் தாள் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், ஏ.ஆர். காப்பி. எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள், யார் கொண்டுவந்தார், எத்தனை பேர் எதனால் தாக்கியதாகச் சொல்லப்பட்டது என்று டியூட்டி டாக்டர் இரண்டு வரி எழுதியிருப்பார். "தெரிந்த மூன்று பேர் அரிவாளால்" என்று அதில் இருந்து, எஃப்.ஐ.ஆரில் ஏழு பெயர் வந்திருந்தால், எதிர்த்தரப்பின் முழு வழக்கும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. மீதி நான்கு பேர் பிறகு சேர்க்கப்பட்டார்கள் என்பார்கள். அதற்குப் பதில் இருக்கலாம். காயம்பட்டவர் பேசும் நிலையில் இல்லாமல், சம்பவத்தையே பார்க்காத ஆட்டோக்காரர் சொன்னதை டாக்டர் எழுதியிருக்கலாம். அப்படியானால் டாக்டரை முதல் விசாரணை (நம் சாட்சியிடம் நாம் முதலில் கேட்பது) செய்யும்போதே "இந்தத் தகவலை உங்களிடம் சொன்னது யார்?" என்று நாம் கேட்டுவிட வேண்டும். குறுக்கு விசாரணையில் அவர்கள் கிளப்பிய பிறகு மறு விசாரணையில் விளக்கம் கேட்டால் பாதி பலம் போய்விடும்.

அடுத்தது பிரேதப் பரிசோதனைச் சான்று. காயங்களை எண்ணுங்கள். நீளம், ஆழம், ஓரம் எப்படி என்று பாருங்கள். அரிவாளின் வாய்ப்பக்கத்தால் வெட்டினால் ஓரம் சுத்தமாக இருக்கும். பின்பக்கத்தால் அடித்தால் கிழிந்த, நசுங்கிய காயம். கதிர் அறுக்கும் கருக்கரிவாளும் வீச்சரிவாளும் உண்டாக்கும் காயம் ஒன்றல்ல. கண்ணால் கண்ட சாட்சி ஏழு பேரும் வெட்டினார்கள் என்று சொல்லி, உடம்பில் மூன்றே காயம் இருந்தால், சாட்சி சொல்வதில் எது கூடுதல் என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். கைப்பற்றிய ஆயுதத்தைக் கோர்ட்டில் டாக்டரிடம் காட்டி, இந்தக் காயம் இதனால் ஏற்பட்டிருக்க முடியுமா என்று கேட்டுப் பதிவு செய்ய மறந்த வழக்குகள் ஏராளம். ஒரு கேள்விதான். அதைக் கேட்காவிட்டால் மேல்முறையீட்டில் ஆயுதம் தனியாகவும் காயம் தனியாகவும் நிற்கும்.

மூன்றாவதுதான் எஃப்.ஐ.ஆர். அதில் படிக்க வேண்டியது புகார் மட்டுமல்ல, மாஜிஸ்திரேட் தன் கையால் எழுதிய நேரமும்தான். சம்பவம் எட்டரைக்கு, எஃப்.ஐ.ஆர். பத்தரைக்கு, மாஜிஸ்திரேட் பெற்றது மறுநாள் மாலை நான்கு மணிக்கு என்றால் இடையில் இருக்கும் பதினேழரை மணி நேரத்துக்குப் பதில் வேண்டும். கொண்டுபோன கான்ஸ்டபிள் யார், எப்படிப் போனார், மாஜிஸ்திரேட் வீடு எத்தனை தூரம்? அவரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தால் இப்போதே சேர்க்க மனுப் போட வேண்டும்.

பிறகு பிரேத விசாரணை அறிக்கை. அதில் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) பெயர் இருக்கிறதா, அன்றைக்கு விசாரித்த சாட்சிகளின் வாக்குமூலம் கோர்ட்டுக்கு எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகையோடு வந்திருந்தால், உட்கார்ந்து எழுதியது என்பார்கள்.

அப்புறம் பார்வை மகஜரும் வரைபடமும். இரவுச் சம்பவத்தில் எல்லா வழக்கும் கடைசியில் ஒரு விளக்கில் வந்து நிற்கும். சாட்சி "தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்" என்பார். வரைபடத்தில் விளக்குக் கம்பம் இருக்கிறதா? இருந்தால் சம்பவ இடத்திலிருந்து எத்தனை அடி? அன்றிரவு மின்சாரம் இருந்தது என்று சொல்ல மின்வாரிய ஊழியரை விசாரித்தார்களா? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டாவில் மின்சாரம் போவதும் வருவதும் எல்லோருக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். சம்பா வயலில் நீர் நிற்கும் மாதத்தில் ரத்தம் தோய்ந்த மண் கிடைக்காது. கிடைக்காததற்குக் காரணம் நீர் என்று மகஜரில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த வரி இல்லாவிட்டால், சம்பவமே அந்த இடத்தில் நடக்கவில்லை என்ற வாதத்துக்கு அதுவே தொடக்கமாகிவிடும்.

கடைசியாக ஆயுதம் கைப்பற்றியது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் முழுவதும் சாட்சியம் ஆகாது. பொருளைக் கண்டுபிடிக்க வழிசெய்த பகுதி மட்டும்தான். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-வது பிரிவு, புதிய சட்டத்தில் 23-வது பிரிவின் காப்புரை. வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கைது எந்த ஊரில், கைப்பற்றியது எந்த ஊரில், அந்த வி.ஏ.ஓ.வின் கிராமம் எது, அந்த நேரத்தில் அவர் அங்கே ஏன் இருந்தார் என்று கேட்டுப் பார்த்துவிட வேண்டும். பொருள் கைப்பற்றிய தேதிக்கும் படிவம் 95-ல் கோர்ட்டுக்குப் போன தேதிக்கும், அங்கிருந்து தஞ்சாவூர் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போன தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதும் முக்கியம். அந்த நாட்களில் பொருள் யாரிடம் இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும்.

இத்தனையும் படித்த பிறகு ஒரு முழுத்தாளில் நேரத்தை வரிசையாக எழுதுங்கள். இடது பக்கம் மணி, நடுவில் என்ன நடந்தது, வலது பக்கம் எந்தச் சாட்சி அல்லது ஆவணம் அதைச் சொல்கிறது. வலது பக்கம் காலியாக இருக்கும் இடம்தான் ஓட்டை. அதற்குப் பிறகு குற்றப்பத்திரிகையைப் படியுங்கள். ஒரு கொலை வழக்குக்கு இப்படி இரண்டு நாள் பிடிக்கும். பழுத்த பி.பி.க்களுக்கு அரை நாள் போதும், ஆனால் அவர்களும் இதே வரிசையில்தான் படிக்கிறார்கள்.

ஓட்டை தெரிந்தால் என்ன செய்வது? விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கூடுதல் விசாரணைக்கு யோசனை சொல்லலாம். யார் மேல் குற்றப்பத்திரிகை போடுவது என்று கட்டளை இட முடியாது. அது போலீஸின் வேலை. நம் தமிழ்நாட்டு வழக்கொன்றில், 2000-ல் சரளா வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எதிரிக்குச் சாதகமான தாள் கட்டில் இருந்தால் அதை மறைப்பதும் பி.பி.யின் வேலை அல்ல. எப்படியாவது தண்டனை வாங்குவது அவர் கடமை இல்லை என்று 1999-ல் சிவகுமார் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. மறைத்த தாள் வெளியே வரும் நாளில் வழக்கோடு சேர்ந்து பி.பி.யின் பெயரும் போகும். நீதிபதி உங்கள் வார்த்தையை நம்புகிறார் என்பது முப்பது வருடத்தில் சேர்ப்பது, ஒரே காலையில் தொலைப்பது.

சாட்சிக்கு வருவோம். டெல்டாவில் சாட்சியைக் கூண்டுக்குக் கொண்டுவருவதே பாதி வழக்கு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு, பிறகு சம்பா நடவு, தை மாசியில் அறுவடை. அந்த நாட்களில் சம்மன் போனால் கூலி போகிறது என்று வரமாட்டார்கள். சாட்சிப் படி கேட்டு வாங்கித் தருவது நம் கடமை, பலர் அதைச் செய்வதில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போய்விட்டால் எப்போது கரைக்கு வருவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. ஆகவே ஏப்ரல் கடைசி இரண்டு வாரமும் ஜூன் முதல் இரண்டு வாரமும் அந்த வழக்குகளுக்குத் தேதி கேட்டு வாங்க வேண்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போன பையனைப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பிடிக்கலாம். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இல்லை, ஆனால் வழக்குகள் இதில் நிற்கின்றன.

சாட்சி வந்த பிறகு அவருடைய பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டலாம், கோர்ட் எப்படி இருக்கும் என்று சொல்லலாம். இப்படிச் சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. சொல்லிக் கொடுத்த சாட்சியம் குறுக்கு விசாரணையில் மூன்றாவது கேள்வியில் உடையும். முதல் விசாரணையில் பதிலைக் கேள்விக்குள் வைக்க முடியாது. எனவே சாட்சியின் பேச்சிலேயே அவரை நடத்திக்கொண்டு போக வேண்டும்.

"அம்மா, அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டப்புறம் எங்க இருந்தீங்க?"

"வூட்டுத் திண்ணையிலதான்யா."

"திண்ணையிலேருந்து பார்த்தா என்ன தெரியும்?"

"மதகு தெரியும். மதகுக்கு இந்தண்ட புளியமரம், அதுல வெளக்கு போட்டுருக்காங்க."

"அப்புறம் என்ன கேட்டுச்சு?"

"எம்புள்ள கத்துன சத்தம்."

திண்ணை, மதகு, விளக்கு, சத்தம். எங்கே இருந்தார், எப்படிப் பார்க்க முடிந்தது, ஏன் திரும்பிப் பார்த்தார் என்பது முடிந்த பிறகுதான் யார் வெட்டினார் என்று கேட்க வேண்டும். அவசரப்பட்டு "யாரை எல்லாம் பார்த்தீங்க?" என்று முதலிலேயே கேட்டால் அந்த அம்மா ஏழு பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். ஒப்பித்த மாதிரியே பதிவாகும்.

ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறார் என்று பயப்பட வேண்டாம். எண்ணிக்கை முக்கியமில்லை, தரம்தான் முக்கியம் என்று வகுத்த 1957-ம் வருட வடிவேலு தேவர் தீர்ப்பு நம் பழைய தஞ்சை ஜில்லாவிலிருந்து போன வழக்குதான். முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டும் அல்லாதவர் என்று சாட்சிகளை அது மூன்றாகப் பிரித்தது. மூன்றாவது வகைக்கு மட்டும் வேறு சான்றின் துணை தேடினால் போதும். நம் சாட்சி எந்த வகை என்று முன்கூட்டியே நேர்மையாக முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சாட்சி பிறழ்வது தினசரி நடப்பது. ஊரில் பஞ்சாயத்து பேசி முடித்திருப்பார்கள், பயமுறுத்தியிருப்பார்கள், அல்லது ஒரே தெருவில் இனியும் வாழ வேண்டுமே என்று அவர்களாகவே முடிவு செய்திருப்பார்கள். பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டு, கோர்ட் அனுமதியோடு நாமே குறுக்கு விசாரணை செய்யலாம். இங்கே திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று உண்டு. போலீஸ் விசாரணையில் சொன்னதைப் பிறழ் சாட்சியிடம் வரிவரியாகக் காட்டி, சொன்னீர்களா என்று கேட்டு, இல்லை என்ற பதிலைப் பதிவு செய்து, பிறகு விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அதே பகுதியை அவர் வாய்வழியாக நிரூபிக்க வேண்டும். முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதிகாரி வரும்போது கட்டு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. சாட்சி பிறழ்ந்த அன்றே, விசாரணை அதிகாரிக்கான கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிக் கட்டில் தைத்துவிடுங்கள். பிறழ்ந்தவர் சாட்சியம் முழுதும் அழிந்துபோவதில்லை, நம்பக்கூடிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் வாதத்தில் விடக்கூடாது.

முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று விடாமல் கேளுங்கள். இடைவெளியில்தான் சாட்சி கை மாறுகிறார். 2015-ல் வினோத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே சொல்லியிருக்கிறது. மிரட்டல் நிஜம் என்று தெரிந்தால், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனுப் போடலாம். டி.எஸ்.பி. நிலையில் அச்சுறுத்தல் அறிக்கை வாங்குவார்கள். இதைப் பயன்படுத்துகிற பி.பி.க்கள் இன்னும் குறைவு என்பது வருத்தம்.

கேமரா பதிவு இப்போது கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெட்டி சில வாரத்தில் பழையதை அழித்து மேலே எழுதிக்கொள்ளும். போலீஸ் தாமதமாகப் போனால் ஒன்றும் இருக்காது. எடுத்ததற்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்று வேண்டும். ஏ பகுதியைக் கருவியின் பொறுப்பாளரும் பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறிக்க வேண்டும். பி பகுதி காலியாக வரும் கட்டுகளைத் திருப்பி அனுப்புங்கள்.

ஜாமீன் வாதத்தைவிட ஜாமீன் காலண்டர் முக்கியம். 60 நாள், 90 நாள் கணக்கில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் எதிரி உரிமையாக வெளியே வருவார். கஞ்சா வணிக அளவு, அதாவது 20 கிலோவுக்கு மேல் என்றால் 180 நாள். கோடியக்கரைப் பக்கம் பிடிபடும் மூட்டைகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரும். ரிமாண்ட் தேதியிலிருந்து எண்ணி, கெடுவுக்குப் பதினைந்து நாள் முன்பே ஸ்டேஷனுக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

தனி நீதிமன்றங்களைப் பற்றிக் கொஞ்சம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் குழந்தையிடம் நீங்கள் நேரடியாகக் கேள்வி கேட்பதில்லை. கேள்வியை நீதிபதியிடம் தர, அவர் கேட்பார். ஆகவே கேள்வியைக் குழந்தைக்குப் புரியும் சொல்லில் எழுதிப் பழக வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்றை வாங்கிவிட்டு எதிரியின் சாதிச் சான்றை வாங்காமல் விடுவார்கள். எதிரி அந்த வகுப்புகளைச் சேராதவர் என்பதும் நிரூபிக்க வேண்டிய விஷயம். தாசில்தாரைச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று முதல் நாளே பார்க்க வேண்டும்.

சிலை வழக்கு நம் பக்கத்துக்கே உரியது. கும்பகோணத்தில் அதற்கென்று கோர்ட் இருக்கிறது. சுத்தமல்லி பெருமாள் கோயில் சிலைகள் வழக்கில் சிலைக் கடத்தல் வியாபாரி சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் அங்கேதான் பத்து வருடத் தண்டனை கிடைத்தது. இதில் கஷ்டம், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் சிலை அந்தக் கோயிலில் இருந்த அதே சிலைதான் என்று காட்டுவது. அர்ச்சகரின் நினைவு மட்டும் போதாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில் கோயிலாக எடுத்துவைத்த படங்கள் இதற்குப் பெரிய துணை. படத்தில் இருக்கும் ஒடிந்த விரல், பீடத்தின் கீறல், திருவாசியின் சுடர் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக எதிரில் இருக்கும் சிலையோடு ஒப்பிட்டு, நிபுணர் வாய்வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேட்டில் உயரமும் எடையும் இருந்தால், அதையும் அன்றைக்கே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பொறுமை இருப்பவருக்கு இதைவிட நிறைவு தரும் வழக்கு கிடையாது.

நீண்ட வழக்குகளுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கும்பகோணம் பள்ளித் தீ 2004 ஜூலை 16-ல். 94 குழந்தைகள் போனார்கள். தஞ்சாவூர் செஷன்ஸ் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30-ல், பத்துப் பேருக்குத் தண்டனை, பதினோரு பேர் விடுதலை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன் பத்து வருடம் கழித்து வந்து அந்த நாளைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால், அவரை எந்த வரிசையில் கூப்பிடுவது, எத்தனை மணிக்குக் கூப்பிடுவது, காத்திருக்க எங்கே உட்கார வைப்பது என்பதும் அரசுத் தரப்பு யோசிக்க வேண்டியதுதான்.

அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்ததும் எதிரியிடம் கோர்ட் கேள்விகள் கேட்கும் கட்டம் வரும். பழைய 313, புதிய 351. பலர் அதை நீதிமன்ற ஊழியர் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். கேள்விகள் தயாரிக்க பி.பி.யின் உதவியை நீதிபதி பெறலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. எதிரியிடம் கேட்காமல் விட்ட சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ரத்தப் பிரிவு அறிக்கை நமக்குச் சாதகமாக இருந்தும், அதைப் பற்றிய கேள்வி விடுபட்டதால் மேலே போய் அது கழிக்கப்படலாம். உங்கள் நேர வரிசைத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி இருக்கிறதா என்று சரிபார்த்து, எழுதிக் கொடுங்கள்.

வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி மேலிருந்து வரும் அழுத்தம் எல்லோருக்கும் வரும். மனுவில் கையெழுத்து உங்களுடையது, ஆகவே முடிவும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அரசு சொன்னது என்பது மட்டும் காரணம் ஆகாது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 360-வது பிரிவில், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் கோர்ட் அதை அனுமதிக்க முடியாது என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

விடுதலைத் தீர்ப்பு வந்துவிட்டால் அன்றே நகலுக்கு மனுப் போடுங்கள். அரசு மேல்முறையீட்டுக்கு 90 நாள்தான், அதற்குள் உங்கள் கருத்துரை மேலே போய் உத்தரவாகித் திரும்ப வேண்டும். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோன வழக்கில் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது நம் மண்ணில் இன்னும் ஆறாத புண். கீழே பதிவாகும் ஒவ்வொரு வரியும் மேலே எப்படிப் படிக்கப்படும் என்ற கவலை விசாரணையின்போதே இருக்க வேண்டும். கருத்துரையில் தீர்ப்பு தவறு என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. தீர்ப்பின் எந்தப் பத்தியில் எந்தச் சாட்சியத்தைப் பார்க்கவில்லை, அது சாட்சிய நகலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எண் போட்டு எழுதுங்கள். தஞ்சாவூர் மாவட்டத் தீர்ப்புகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைத் தீர்ப்புகள் சென்னைக்குப் போகும். கும்பகோணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் வலங்கைமான் திருவாரூரைச் சேர்ந்தது. எந்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கட்டு போக வேண்டும் என்று பார்த்து அனுப்புங்கள். ஊர் மாறிப் போன கட்டு திரும்பி வரும் நாட்களும் அந்த 90-க்குள்தான் கழியும்.